மார்பகப் புற்றுநோயில் சென்டினல் கணு: கதிரியக்க மருந்து எதைத் தேடுகிறது?

காலில் முள் தைத்துப் புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். விரலில் நகச்சுற்று வந்தால் அக்குளில் வலிக்கும். புண் ஓரிடத்தில், வீக்கம் வேறிடத்தில். ஆனால் அந்த வேறிடம் கண்டபடி அமைவதில்லை, கால் என்றால் தொடை இடுக்கு, கை என்றால் அக்குள் என்று அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் 'சென்டினல் நோட் பயாப்ஸி' என்று ஒன்று செய்கிறார்களே, அதற்கு அடிப்படையே இந்த ஒழுங்குதான். அதற்கு எதற்காகக் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள், உள்ளே போய் அது என்ன செய்கிறது என்பதை இங்கே பார்க்கலாம். இதில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த மருந்து புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஸ்கேன் படத்தில் அக்குளில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது என்றதும் பயந்துவிடுகிறார்கள். அந்தப் புள்ளியை வைத்துப் புற்றுநோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மருந்து காட்டுவது வழியை மட்டும்தான்.

முதலில் அந்த வழி என்ன என்று பார்த்துவிடுவோம். ரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் நீர் எப்போதும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அது அங்கேயே தேங்காமல் மறுபடி ரத்தத்துக்குப் போய்ச் சேருவதற்கென்று உடம்பு முழுக்க மெல்லிய குழாய்களின் வலை ஒன்று இருக்கிறது. அதில் ஓடுவதுதான் நிணநீர். அந்தக் குழாய்களின் வழியில் ஆங்காங்கே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கிருமி, சிதைந்த செல், அந்நியத் துகள் என்று நிணநீரோடு வருவதையெல்லாம் அவை சலித்துப் பிடித்து வைக்கும். நெறி கட்டுவது என்பது இந்தக் கணு வேலை மிகுதியில் வீங்குவதுதான். மார்பகத்திலிருந்து கிளம்பும் நிணநீரில் பெரும்பகுதி அதே பக்கத்து அக்குளில் உள்ள கணுக்களுக்குப் போகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நெஞ்செலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் கணுக்களுக்குப் போகும்.

மார்பகக் கட்டியிலிருந்து சில செல்கள் பிரிந்து கிளம்பினால் அவற்றுக்கும் சுலபமான பாதை இதுதான். அதனால் அக்குள் கணுக்களில் புற்றுநோய் செல் இருக்கிறதா, எத்தனை கணுக்களில் இருக்கிறது என்பது நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்கவும், அடுத்து என்ன சிகிச்சை என்று முடிவெடுக்கவும் மிக முக்கியமான தகவல்.

இந்தத் தகவலுக்காகப் பெண்கள் நீண்ட காலம் கொடுத்த விலை அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில் மார்பகம், அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசை, அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவார்கள். பிற்பாடு தசையை விட்டுவைக்க ஆரம்பித்தார்கள், மார்பகத்தையே காப்பாற்றும் அறுவை சிகிச்சையும் வந்தது, ஆனால் அக்குளைச் சுத்தமாக வழித்தெடுப்பது மட்டும் 1990-கள் வரை வழக்கமாகவே இருந்தது. பத்து, பதினைந்து, சிலருக்கு இருபதுக்கும் மேல் கணுக்கள் போய்விடும். நிணநீர் வடியும் வழி அடைபட்டுப்போவதால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும். லிம்ஃபடீமா என்கிற இந்த வீக்கம் வந்துவிட்டால் கட்டுக்குள் வைக்கலாமே தவிர முழுதாகப் போக்குவது கடினம். மேல்கையின் உட்புறத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு அக்குளின் குறுக்கே போகிறது, அது அறுபட்டால் அந்த இடம் மரத்துப்போகும். தோள் இறுகிப்போவது தனி.

இத்தனையும் பட்ட பிறகு பரிசோதனை முடிவைப் பார்த்தால், தொடக்க நிலையில் வந்த, அக்குளைத் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படாத பெண்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கணுக்களில் புற்றுநோயே இருக்காது. வெறுமனே ஒரு தகவலைத் தெரிந்துகொள்வதற்காக அவர்கள் நல்ல கணுக்களை இழந்திருப்பார்கள். இந்தத் துறையில் நடந்த மாற்றங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த அநியாயத்துக்கு வழி கண்டுபிடித்ததுதான்.

முதல் கணு என்ற யோசனை

தோட்டத்தில் மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் முதல் பாத்தியைத் தொட்ட பிறகுதான் அடுத்த பாத்திக்குப் போகும். நிணநீரும் கிட்டத்தட்ட அப்படித்தான். மார்பகத்திலிருந்து வரும் நிணநீர் அக்குளில் உள்ள எல்லாக் கணுக்களிலும் ஒரே நேரத்தில் போய் விழுவதில்லை, முதலில் ஒன்றிரண்டு கணுக்களுக்குப் போய், அங்கிருந்துதான் மற்றவற்றுக்குப் போகிறது. அந்த முதல் கணுதான் சென்டினல் கணு, தமிழில் காவல் கணு என்றும் எழுதுகிறார்கள். அதை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் புற்றுநோய் இல்லை என்றால் அதைத் தாண்டியும் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனவே மற்ற கணுக்களைத் தொடாமல் விட்டுவிடலாம்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் என்னவென்றால் அக்குளைத் திறந்து பார்த்தால் எல்லாம் மஞ்சள் கொழுப்பு. அதற்குள் ஒன்று போலவே இருக்கும் பல கணுக்கள். எது முதல் கணு என்று எதன் மேலும் எழுதி ஒட்டியிருக்காது. ஆளுக்கு ஆள் இடமும் மாறும், அதனால் வரைபடம் போட்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 1977-இல் ரமோன் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயில் இந்தக் கருத்தை எழுதியபோது அந்தக் கணு ஏறத்தாழக் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கும் என்றுதான் எடுத்துக்கொண்டார், அந்த அனுமானம்தான் பிற்பாடு போதாமல் போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தது 1992-இல், மெலனோமா என்கிற தோல் புற்றுநோயில். டொனால்ட் மார்ட்டன் குழு கட்டியின் பக்கத்தில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றி, அது ஓடும் குழாயைப் பின்தொடர்ந்து போய்க் கணுவைப் பிடித்தது.

அடுத்த ஆண்டே, 1993-இல், டேவிட் கிராக் குழு மார்பகத்தில் சாயத்துக்குப் பதிலாகக் கதிரியக்க மருந்தை ஏற்றி, கதிர்வீச்சைக் கண்டறியும் கருவியை வைத்து அக்குளில் தேடியது. 22 பெண்களில் 18 பேருக்குக் கணு அகப்பட்டது. அவர்களில் 7 பேருக்கு அக்குளில் நோய் பரவியிருந்தது, அந்த 7 பேருக்குமே சென்டினல் கணுவிலும் நோய் இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் சொன்ன விஷயம் பெரிது. 1994-இல் ஆர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தை மட்டும் வைத்து மார்பகத்தில் செய்து காட்டினார், 174 முயற்சிகளில் 114-இல் கணு கிடைத்தது. 1997-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் உம்பெர்ட்டோ வெரோனேசி குழு கதிரியக்க முறையில் 163 பேரில் 160 பேருக்குக் கணுவைக் கண்டுபிடித்து, அவர்களில் 156 பேருக்கு அக்குள் நிலவரத்தைச் சரியாகச் சொன்னது. அதற்குப் பிறகு இது வேகமாகப் பரவியது.

மருந்துக்குள் என்ன இருக்கிறது

ஊசியில் இருப்பது இரண்டு பொருள்களின் சேர்க்கை. ஒன்று கதிர்வீச்சைத் தரும் அணு, இன்னொன்று அதைச் சுமந்து செல்லும் நுண்துகள்.

அணு பெரும்பாலும் டெக்னீசியம்-99எம். எலும்பு ஸ்கேன், இதய ஸ்கேன் என்று அணு மருத்துவத் துறையில் எங்கும் இதுதான். இதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. இதிலிருந்து வருவது காமா கதிர், அதன் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடம்பைத் தாண்டி வெளியே வந்து கருவியில் விழப் போதுமான ஆற்றல், ஆனால் கருவியால் தடுத்துப் பிடிக்க முடியாத அளவுக்கு அதிகமும் இல்லை. திசுவைத் தாக்கிச் சேதப்படுத்தும் பீட்டா கதிர் இதில் இல்லை என்றே சொல்லலாம். அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது 6 மணி நேரத்தில் பாதியாகும், 12 மணி நேரத்தில் கால்வாசி, 24 மணி நேரத்தில் 16-இல் ஒரு பங்கு, இரண்டு நாளில் 256-இல் ஒரு பங்கு. வேலை முடியும் வரை இருந்துவிட்டுத் தானாகவே தீர்ந்துபோகும்.

இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் ஒன்றை எப்படிக் கடையில் வாங்கி வைப்பது? முடியாது. அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-ஐத்தான் வாங்குகிறார்கள், அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். ஈயக் கவசம் போட்ட ஒரு கலத்தில் அது மெல்லச் சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும், உப்புநீரைச் செலுத்தித் தேவைப்படும்போது டெக்னீசியத்தை மட்டும் வடித்தெடுத்துக்கொள்வார்கள். மாலிப்டினத்தைத் தயாரிப்பதோ உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணு உலைகளில்தான். 2009, 2010 ஆண்டுகளில் கனடாவின் சாக் ரிவர் உலையும் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுக்காக நின்றபோது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. கதிரியக்கம் இல்லாத மாற்று வழிகளில் ஆர்வம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி துகள். இந்த முறை பலிப்பதும் பலிக்காததும் துகளின் அளவைப் பொறுத்தது, ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டெக்னீசியத்தை அப்படியே வெறுமனே ஊசியில் ஏற்றினால் அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்விடும். ஆகவே அதைக் கூழ்மத் துகளோடு இணைக்கிறார்கள். சில நானோமீட்டர்தான் அளவு என்றால் துகள் ரத்த நுண்குழாய்க்குள் நுழைந்துவிடும், அல்லது முதல் கணுவில் நிற்காமல் அடுத்தடுத்த கணுக்களுக்கு ஓடிவிடும். பல நூறு நானோமீட்டர் என்றால் ஊசி போட்ட இடத்தைவிட்டு நகரவே நகராது. இடைப்பட்ட அளவில் இருப்பதுதான் நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, கணு வரை போய், அங்கே நிற்கும். அமெரிக்காவில் சல்ஃபர் கூழ்மத்தை நுண்வடிகட்டியில் வடித்துப் பெரிய துகள்களை நீக்கிவிட்டுப் பயன்படுத்துகிறார்கள், ஐரோப்பாவில் 80 நானோமீட்டருக்கு உட்பட்ட ஆல்புமின் துகள்கள் அதிகம்.

அங்கே ஏன் நிற்கிறது? கணுவுக்குள் மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் இருக்கின்றன. அந்நியத் துகள் எது வந்தாலும் விழுங்கி வைத்துக்கொள்வது அவற்றின் வேலை, கிருமியை விழுங்குவதுபோல இந்தத் துகளையும் விழுங்கிவிடுகின்றன. கவனியுங்கள், மருந்தைப் பிடித்து வைப்பது ஆரோக்கியமான எதிர்ப்புச் சக்தி செல்கள். புற்றுநோய் செல்லுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டில்மனோசெப்ட் என்ற மருந்து இன்னும் ஒரு படி மேலே போய், அந்த விழுங்கு செல்களின் மேல் இருக்கும் ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டது. அதிலும் குறி விழுங்கு செல்தான், புற்றுநோய் செல் இல்லை.

நீலச் சாயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான் வருகிறது. சாயம் கணுவில் தங்காமல் கொஞ்ச நேரத்தில் கடந்து போய்விடும், அதனால் அறுவை சிகிச்சை மேசையிலேயே அதை ஏற்றிவிட்டுச் சில நிமிடங்களில் தேட வேண்டும். கதிரியக்கத் துகள் விழுங்கப்பட்டு நின்றுவிடுவதால் காலையில் ஊசி போட்டு மதியம் அறுவை செய்யலாம், முந்தைய நாளே போட்டுவிட்டு மறுநாள்கூடச் செய்யலாம், கொஞ்சம் அதிக அளவு ஏற்றினால் போதும்.

ஊசி முதல் அறுவை அரங்கு வரை

ஊசி போடும் இடம் பெரும்பாலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் அல்லது கட்டிக்கு மேலே உள்ள தோலில். கட்டி ஒரு மூலையில் இருக்க, காம்புக்குப் பக்கத்தில் போட்டால் எப்படிச் சரியான கணு கிடைக்கும் என்று சந்தேகம் வரலாம். கருவட்டத்தின் அடியில் நிணநீர்க் குழாய்களின் அடர்ந்த பின்னல் ஒன்று இருக்கிறது. மார்பகத்தின் எந்தப் பகுதியாக இருந்தாலும் அக்குளில் போய்ச் சேரும் முதல் கணு பெரும்பாலும் ஒன்றேதான் என்று அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. கட்டியைச் சுற்றி ஆழமாகப் போட்டால் நெஞ்செலும்புப் பக்கத்துக் கணுக்களும் தெரிய வரும், அது தேவைப்படும் இடங்களில் அப்படிச் செய்வார்கள்.

வலிக்குமா என்றால், ஆமாம், கொஞ்சம் சுருக்கென்று எரியும், தோலில் போடுவதால். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அப்புறம் அந்த இடத்தை மெல்லத் தேய்த்துவிடச் சொல்வார்கள், நிணநீர் ஓட்டம் கூடும் என்பதற்காக.

பிறகு காமா கேமராவுக்குக் கீழே படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். ஊசி போட்ட இடம் பெரிய கரும்புள்ளியாகவும், அக்குளில் கணு இருக்கும் இடம் சிறு புள்ளியாகவும் தெரியும். சிலருக்கு இடையில் ஓடும் குழாய்கூட மெல்லிய கோடாகத் தெரியும். தோலின் மேல் பேனாவால் குறி வைத்து அனுப்புவார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இந்தப் படம் எடுப்பதில்லை. அறுவை அரங்கில் கருவியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நேரே போய்விடும் இடங்களும் உண்டு, அதனால் படம் எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

அரங்கில் உண்மையான வேலை காமா ப்ரோபுக்கு. பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு கோல், முனையில் கதிர்வீச்சை உணரும் பகுதி, பக்கவாட்டிலிருந்து வரும் கதிரைத் தடுக்க உலோகக் கவசம். கதிர்வீச்சு அதிகமாகும்போது சத்தம் கூடும், திரையில் விநாடிக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரும். தொந்தரவு எங்கே என்றால், ஊசி போட்ட இடத்தில்தான் மருந்தின் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது, கணுவுக்குப் போய்ச் சேர்ந்தது மிகச் சொற்பம். கட்டி அக்குளுக்குப் பக்கத்தில் இருந்து ஊசியும் அங்கேயே போடப்பட்டிருந்தால் அந்த இரைச்சலிலேயே கணுவின் சத்தம் அமுங்கிப்போகும். மருத்துவர் ப்ரோபை மார்பகத்துக்கு எதிர்த் திசையில் சாய்த்துப் பிடித்துத் தேடுவது இதற்காகத்தான்.

சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் சிறிதாக வெட்டி, கணுவை எடுத்து, வெளியே வைத்து மறுபடி அளப்பார்கள். எடுத்தது சரியான கணுதான் என்பது அப்போது உறுதியாகும். அடுத்து அக்குளுக்குள் மறுபடி ப்ரோபை வைத்துப் பார்ப்பார்கள். அதிக எண்ணிக்கை காட்டிய கணுவின் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் காட்டும் வேறு கணு உள்ளே இருந்தால் அதையும் எடுக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. இப்படிப் பார்த்தால் பொதுவாக இரண்டு அல்லது மூன்று கணுக்கள் வரும். 'சென்டினல் ஒன்றுதானே, ஏன் மூன்று எடுத்தார்கள்' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

அதோடு நிறுத்தாமல் மருத்துவர் விரலை உள்ளே விட்டுத் தடவியும் பார்ப்பார். கெட்டியாக, சந்தேகப்படும்படி ஏதாவது தட்டுப்பட்டால் அதில் சாயமோ சத்தமோ இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவார். இதன் காரணம் புரிந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதி புரிந்த மாதிரி. ஒரு கணு முழுக்கப் புற்றுநோய் செல்களால் நிரம்பிவிட்டால் அதற்குள் போகும் நிணநீர்க் குழாய் அடைபட்டுவிடும், விழுங்கு செல்களுக்கும் அங்கே இடமிருக்காது, நிணநீர் வேறு வழியில் திரும்பிவிடும். அதாவது நோய் மிகுந்த கணு மௌனமாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல கணு சத்தம் போடும். சத்தம் என்றால் நோய், மௌனம் என்றால் நலம் என்று எண்ணிக்கொண்டு போனால் இந்த இடத்தில் தலைகீழாக விழ வேண்டியதுதான். இப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டியே அக்குளில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, சந்தேகமான கணு இருந்தால் ஊசியால் குத்திப் பரிசோதித்துவிடுகிறார்கள். மார்பகம் முழுக்கச் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோயில் இந்த முறையை நம்பாததற்கும் இதே காரணம்தான், தோலின் நிணநீர்க் குழாய்களே அங்கே அடைபட்டிருக்கும்.

பல இடங்களில் கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள், ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடிக்கும். சாயத்தால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், அது சகஜம். ஐசோசல்ஃபான் நீலம், பேட்டன்ட் நீலம் ஆகிய சாயங்களுக்கு அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும், அதில் மிகச் சிலருக்குக் கடுமையாகவும் வரலாம். மயக்கத்தில் இருக்கும்போது விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, சாயம் ரத்தத்தில் கலந்ததால் அளவைக் குறைத்துக் காட்டும் வேடிக்கையும் நடக்கும். அணு மருத்துவ வசதி இல்லாத இடங்களில் ஒளிரும் பச்சைச் சாயமான ஐசிஜி, காந்தத்தால் கண்டறியும் இரும்பு நுண்துகள் போன்றவை இப்போது வந்திருக்கின்றன. பெயர்கள் வேறு, தத்துவம் ஒன்றே.

எவ்வளவு நம்பலாம்?

இதற்கான பெரிய ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பி-32. 1999-க்கும் 2004-க்கும் இடையே 5,611 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சென்டினல் கணுவோடு அக்குள் முழுவதையும் எடுத்தார்கள், மற்றப் பிரிவினருக்குச் சென்டினல் கணுவில் நோய் இல்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தவறான எதிர்மறை விகிதம் 9.8 சதவீதம் என்று வந்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'நூறு பேருக்குச் செய்தால் பத்துப் பேருக்குத் தப்பாகச் சொல்லிவிடும்' என்று படிப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. உண்மையில் அக்குளில் நோய் பரவியிருக்கும் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சென்டினல் கணு சுத்தமாகத் தெரிந்துவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். நமக்கு வேண்டிய கேள்வி வேறு: நோய் இல்லை என்று முடிவு வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இல்லை? அதே ஆய்வில் அதற்கான விடை சுமார் 96 சதவீதம்.

மீதி நான்கு சதவீதம்? அவர்களுக்கு எல்லாம் பிற்பாடு அக்குளில் நோய் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பவில்லை. முழுக்க எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு பிரிவிலுமே அக்குளில் நோய் திரும்பியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, உயிர் பிழைத்திருக்கும் விகிதத்திலும் வேறுபாடு இல்லை. கீமோ, ஹார்மோன் மருந்து, கதிர்வீச்சு சிகிச்சை என்று பிறகு கொடுக்கப்படுபவை மிச்சம் மீதியைக் கவனித்துக்கொள்வது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கை வீக்கம் வருவதோ 20-இல் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பூஜ்யம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இரண்டு கணு எடுத்தாலும் சிலருக்கு வரத்தான் செய்கிறது.

அறுவைக்கு முன்பே கீமோ கொடுக்கப்பட்டு, தொடக்கத்தில் நோய் இருந்த கணு அதில் சுருங்கிப்போனவர்களுக்கு மட்டும் கணக்கு சற்று மாறுகிறது. மருந்தால் குழாய்களில் தழும்பு விழுந்து வழி மாறியிருக்கலாம். அவர்களுக்குச் சாயமும் கதிரியக்க மருந்தும் சேர்த்துப் பயன்படுத்துவது, குறைந்தது மூன்று கணுக்களாவது எடுப்பது, கீமோவுக்கு முன்பே நோயுள்ள கணுவில் ஒரு சிறு உலோகக் கிளிப்பை வைத்துவிட்டு அறுவையின்போது அதையும் தேடி எடுப்பது என்று கூடுதல் கவனம் எடுக்கிறார்கள்.

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே வரும் பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஏற்றப்படும் அளவு எலும்பு ஸ்கேனுக்குப் போடுவதைவிடப் பல மடங்கு குறைவு. உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் கீழே. மண், காற்று, விண்வெளி என்று இயற்கையாகவே நாம் வாங்கிக்கொள்வது உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினுக்குப் பிறகு தனியறையில் இருக்கச் சொல்வதுபோல இதற்குத் தேவையில்லை, முடி கொட்டாது, இது சிகிச்சை மருந்தும் இல்லை. கர்ப்பிணிகளுக்குக்கூடத் தேவைப்பட்டால் குறைந்த அளவில் போடுகிறார்கள், அவர்களுக்குத் தவிர்க்கப்படுவது நீலச் சாயங்கள்தான். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பால் கொடுப்பதில் சிறிது இடைவெளி விடச் சொல்லலாம்.

எடுத்த கணு அதன் பிறகு போவது நோயியல் ஆய்வகத்துக்கு. புற்றுநோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை அங்கேதான், மைக்ராஸ்கோப்பின் அடியில். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட படிவு என்றால் பெரும்படிவு, 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை நுண்படிவு, அதற்கும் கீழே என்றால் தனித்த செல்கள், அதை நோய் பரவியதாகக் கணக்கில் எடுப்பதில்லை. நோய் இருக்கிறது என்று வந்தாலும் முன்போல உடனே அக்குள் முழுவதையும் எடுக்க ஓட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு கணுக்களில் மட்டும் நோய் இருந்து, மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவையும் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சும் பெற்ற 891 பெண்களிடம் நடந்த இசட்-0011 ஆய்வில், மீதிக் கணுக்களை எடுக்காமல் விட்டவர்கள் பத்து ஆண்டுக்குப் பிறகும் எடுத்தவர்களுக்குச் சளைக்காமல் இருந்தார்கள். இன்னொரு பக்கம், 2023-இல் வெளியான சவுண்ட் ஆய்வு, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து அக்குள் அல்ட்ராசவுண்டும் சுத்தமாக இருந்தால் சென்டினல் கணுவையே எடுக்காமல் விடலாமா என்று கேட்டது, விட்டவர்களுக்கு அதனால் பாதகம் தெரியவில்லை. ஆக, இந்தப் பரிசோதனையே சிலருக்குத் தேவையில்லை என்ற இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம். யாருக்கு விடலாம் என்பது வயது, கட்டியின் வகை, அடுத்த சிகிச்சைத் திட்டம் எல்லாம் பார்த்து முடிவாவது.

கடைசியாக, கையில் வரும் ரிப்போர்ட். 'ஹாட் நோட்' என்று எழுதியிருந்தால் கதிரியக்க மருந்து போய்ச் சேர்ந்த கணு என்று மட்டுமே பொருள், பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கை ஐந்நூறோ ஐயாயிரமோ, அது நோயின் அளவு இல்லை. நோயியல் அறிக்கையில் 0/3 என்றால் எடுத்த மூன்று கணுக்களில் எதிலும் நோய் இல்லை, 1/3 என்றால் ஒன்றில் இருக்கிறது. நோயின் கட்டத்தைக் குறிக்கும் பிஎன் எழுத்துகளுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எஸ்என் என்று இருந்தால், அந்த முடிவு சென்டினல் கணுக்களை வைத்து மட்டும் சொல்லப்பட்டது, அக்குளின் மற்றக் கணுக்கள் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். பல ஆண்டு கழித்து வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் தேடும் விவரங்களில் அதுவும் ஒன்று, எனவே அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.